பக்கத்தின் பதாகை

சென்னைக்கு மேற்கே, ஆவடி மாநகராட்சியின் எல்லைக்குள் அமைந்த ஊர்களுள் ஒன்று கோவில்பதாகை. அவ்வூருக்குச் செல்வோர் பலர் ஆவடி இருப்புப்பாதை நிலையத்தில் இறங்குவர். அந்நிலையத்தின் பெயர்ப்பலகையில் ஊரின் பெயர் தமிழிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலுமாக மூன்று வகையாய் எழுதப்பட்டிருக்கின்றது. 1961-ஆம் ஆண்டிற் கனரக வாகனத் தொழிற்சாலை அவ்விடத்து நிறுவப்பட்ட பின்னர் நாட்டின் பல பகுதிகளினின்றும் மக்கள் வந்து குடியேறினராதலின், ஆவடிக் கடைவீதியிற் சிறிது பொழுது நிற்பவர் தமிழோடு தெலுங்கும் மலையாளமும் இந்தியும் கலந்து ஒலிக்கக் கேட்பர். அம்மக்களுள் ஒவ்வொருவரும் பெயர்ப்பலகையை நோக்கியவுடன் தத்தமக்குரிய வரியைக் கண்டுகொள்ளுகின்றனர். எந்த வரி எந்த மொழியைச் சார்ந்தது என்று பலகையில் எவரும் குறித்து வைத்தாரல்லர். குறிக்க வேண்டிய தேவையும் இல்லை. கண்ணுடைய மனிதர்க்கு அது தானே விளங்கும்.

கண்ணில்லாத பொறியொன்று அப்பலகையைப் படிக்க நேருமாயின் என் செய்யும்? அன்றிக் கண்ணொளி இழந்த மனிதரொருவர் அப்பொறியின் வாயிலாக அப்பலகையைப் படிக்க நேருமாயின் அவர் நிலை யாதாகும்? இவ்வினாக்களுக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பதாகை என்னுஞ் சொற்குக் கொடி என்பது பொருள். வில்லும் புலியும் கயலும் பொறித்த கொடிகளே சேர சோழ பாண்டியர் படைகளைத் தொலைவிலிருந்து அடையாளங் காட்டின என்பதை நம் மாணாக்கர் அறிவர். கோவில்பதாகை அப்பெயர் பெற்ற வரலாற்றை யாம் ஈண்டு ஆராயப் புகவில்லை. எனினும் அப்பெயர் எம் பொருளுக்கு நல்லதோர் உவமையைத் தந்தது. இணையத்தில் ஏற்றப்படும் ஒவ்வொரு பக்கத்திற்கும் தன் மொழி இன்னதென்று அறிவிக்கும் சிறு கொடியொன்றுண்டு. அதனை ஏற்ற மறந்தமையாலும் பிழையாக ஏற்றினமையாலும் விளையுங் கேடுகளைக் குறித்துச் சில கூற விரும்புகின்றோம்.

இவ்விஷயத்தில் எம் கருத்துச் சென்றதற்குக் காரணம் எம்முடைய பிழையே. நம் கலாசாலைச் சஞ்சிகையின் தமிழ்ப் பகுதியிலிருந்து சில கட்டுரைகளைத் தெரிந்து இணையப் பக்கங்களாக்கினோம். கோவில்பதாகை ஏரியைப் பற்றி மாணாக்கர் ஒருவர் எழுதிய கட்டுரையும் அவற்றுள் ஒன்று. அவ்வூரிலிருந்தே நாள்தோறும் கலாசாலைக்கு வரும் மற்றொரு மாணாக்கர் பார்வையிழந்தவர். திரையிலுள்ளதை வாய்விட்டுப் படிக்குந் திரைபடிப்பான் என்னுஞ் செயலியின் துணைகொண்டு அவர் பாடங்களைக் கேட்டுப் படிப்பவர். தம் ஊர் ஏரியைப் பற்றிய கட்டுரை வெளிவந்ததென்று கேள்வியுற்று, மிக்க ஆவலோடு அப்பக்கத்தைத் திறந்தார். சிறிது நேரங் கழித்து எம்மிடம் வந்து, "ஐயா, அக்கட்டுரையில் எண்களைத் தவிர வேறொன்றுமில்லையா?" என்று வினவினார். யாம் திகைத்துப் போனோம். அவருடைய கணினியை இயக்கிக் கேட்டபொழுதுதான் உண்மை விளங்கிற்று. ஆங்கிலக் குரலொன்று ஆண்டுகளையும் அளவுகளையும் மட்டும் உரக்கப் படித்தது. இடையிலிருந்த தமிழ் முழுதையும் ஓசையின்றிக் கடந்து சென்றது. ஆயிரஞ் சொற்கள் கொண்ட கட்டுரையில் அவர் செவிக்கு எட்டியவை பத்துப் பன்னிரண்டு எண்களே.

அவருடைய கணினியிற் தமிழ்க் குரல் இல்லாமலில்லை. பிற தமிழ்ப் பக்கங்களை அது செவ்வனே படித்தது. எம் பக்கத்தில் மட்டும் அது வாய் திறவாததற்குக் காரணம், அப்பக்கத்தின் தலையில் "இஃது ஆங்கிலம்" என்று எழுதியிருந்தமையே. ஆங்கிலப் பக்கமொன்றை அச்சாக வைத்துக்கொண்டு, அதனுள்ளிருந்த ஆங்கிலத்தை நீக்கித் தமிழை நிரப்பினோம். தலையிலிருந்த அறிவிப்பை மாற்றினோமல்லோம். தமிழ்ப் படையை அணிவகுத்து நிறுத்திவிட்டு அதன்மேல் அயலார் கொடியைப் பறக்கவிட்டவாறாயிற்று. செயலியோ கொடியை நம்பி ஆங்கிலக் குரலை ஏவிற்று. அச்செயலியின்மேற் குறை கூறுதற்கு இடமில்லை.

இனி, அவ்வறிவிப்பு எங்கே எவ்வாறு எழுதப்படுகின்றது என்பதைக் காண்போம். இணையப் பக்கம் என்று நாம் திரையிற் காண்பது, எச்.டி.எம்.எல். என்னுங் குறிமொழியில் எழுதப்பட்ட உரைக்கோப்பொன்றின் வெளித்தோற்றமே. எது தலைப்பு, எது பத்தி, எது படம் என்பதனை உலாவிக்குச் சொல்லுங் குறிகள் அக்கோப்பில் நிறைந்திருக்கும். கோப்பின் தொடக்கத்திலேயே பக்கம் முழுவதையுந் தன்னுள் அடக்கிய முதற்குறி வரும். அக்குறியினுள் 'லாங்' என்னும் பண்பை எழுதி, அதன் மதிப்பாக மொழிக்குரிய சுருக்கக் குறியை இடுதல் வேண்டும். தமிழுக்குரிய குறி ஆங்கிலச் சிற்றெழுத்துகளாகிய 'டி', 'ஏ' என்னும் இரண்டே. ஆங்கிலத்திற்கு 'இ', 'என்'. இந்திக்கு 'எச்', 'ஐ'. தெலுங்கிற்கு 'டி', 'இ'. மலையாளத்திற்கு 'எம்', 'எல்'. எம் பிழையைத் திருத்துதற்கு யாம் மாற்ற வேண்டியிருந்தவை இரண்டெழுத்துகளே. மாற்றி முடித்தவுடன் அம்மாணாக்கர் மீண்டும் பக்கத்தைத் திறந்தார். தலைப்பு முதல் முடிவு வரையில் தமிழ் ஒலித்தது. தம் ஊர் ஏரியின் கதையை அவர் இருந்த இடத்தை விட்டு அசையாது கேட்டு முடித்ததை யாம் மறக்கமாட்டோம்.

இப்பண்பு நேற்று முளைத்ததன்று. ஆங்கிலமல்லாத மொழிகளும் இணையத்தில் இடர்ப்பாடின்றி வழங்குமாறு எச்.டி.எம்.எல்.-ஐ விரிவுபடுத்தும் பொருட்டு 1997-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் வெளியிடப்பட்ட ஓர் ஆவணத்தில் இது வகுக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் வெளிவந்த எச்.டி.எம்.எல். நான்காம் பதிப்பு இதனைத் தன்னுட் சேர்த்துக்கொண்டது. மொழிக்குறிகளோ ஐ.எஸ்.ஓ. என்னும் பன்னாட்டுத் தர அமைப்பின் 639-ஆம் எண்ணுடைய பட்டியலைச் சார்ந்தவை. அப்பட்டியலிற் தமிழுக்கு ஈரெழுத்துக் குறியும் மூவெழுத்துக் குறியும் உண்டு. ஈரெழுத்துக் குறி இருக்குமிடத்து அதனையே இணையத்திற் பயன்படுத்துதல் வேண்டும் என்பது விதி.

"தமிழுக்கெனத் தனி எழுத்து இருக்கின்றதே, எழுத்தைக் கண்ட மாத்திரத்தில் மொழியை அறிந்துகொள்ள இயலாதா?" என்று மாணாக்கர் வினவலாம். வினா நியாயமானதே. ஆயின் எழுத்து வேறு, மொழி வேறு என்பதை நம் அச்சுக்கலை வரலாறே காட்டுகின்றது. 1554-ஆம் ஆண்டில் லிஸ்பன் நகரத்தில் தமிழும் போர்த்துக்கேயமும் அடங்கிய கிறிஸ்தவ போதனை நூலொன்று அச்சிடப்பட்டது. அச்சேறிய தமிழுள் மிகப் பழமையானதாகிய அந்நூலில் தமிழ் எழுத்து ஒன்றேனும் இல்லை. தமிழ் முழுதும் உரோமன் எழுத்துகளிலேயே அச்சாகியிருந்தது. இருபத்துநான்கு ஆண்டுகள் கழித்து, 1578-ஆம் ஆண்டிற் கொல்லத்தில், அண்டிரிக் அடிகளார் எனப்பட்ட என்றிக்கே என்றிக்கசு பாதிரியாரின் தம்பிரான் வணக்கம் தமிழ் எழுத்திலேயே அச்சாயிற்று. முன்னதும் தமிழ், பின்னதும் தமிழ். எழுத்தொன்றையே நோக்கும் பொறி முன்னதைத் தமிழென்று ஒருகாலும் ஊகித்தறியாது. இக்காலத்தும் கைபேசியில் நம் மாணாக்கர் எழுதுஞ் செய்திகளுட் பல 1554-ஆம் ஆண்டின் நூலைப்போல் உரோமன் உடை உடுத்த தமிழே அன்றோ! அரபு எழுத்தில் எழுதப்பட்ட அர்வித் தமிழ் நூல்களும் பல உள்ளன.

இதன் மறுதலையும் உண்டு. ஓரெழுத்தில் மொழிகள் பல வழங்குகின்றன. தேவநாகரி எழுத்தில் இந்தியும் மராத்தியும் நேபாளமும் சமஸ்கிருதமும் எழுதப்படுகின்றன. நீலகிரிப் படுகமொழியைத் தமிழ் எழுத்தில் எழுதுவோர் உண்டு. அதனைத் தமிழெனக் கொள்ளுதல் அம்மொழிக்கு இழைக்குந் தீங்காம். சீனத்திற்கும் சப்பானியத்திற்கும் பொதுவான சில எழுத்துகள் கணினியில் ஒரே எண்ணைப் பெற்றிருப்பினும், அவ்விரு நாட்டினரும் எழுதும் வடிவங்கள் சிறிது வேறுபடும். எவ்வடிவைக் காட்டுவதென்று உலாவி முடிவு செய்தற்குப் பக்கத்தின் மொழியறிவிப்பே துணை. வரியின் இறுதியிற் சொல்லைப் பிரிக்க நேருமிடத்தும், எம்மொழியின் இலக்கணப்படி பிரிப்பதென்று உலாவி அறிவிப்பைப் பார்த்தே தெளிகின்றது. ஆகவே எழுத்தைக் கண்டு மொழியை ஊகிக்கலாமேயன்றி, அவ்வூகம் எஞ்ஞான்றும் பிழையாதென்று கருதலாகாது. மொழிக்குறியை அடுத்து எழுத்துமுறைக்குரிய நாலெழுத்துக் குறியொன்றையுஞ் சேர்த்து, "மொழி தமிழ், எழுத்து உரோமன்" என அறிவித்தற்கும் வழி வகுக்கப்பட்டுள்ளது.

பக்கம் முழுதும் ஒரே மொழியாக இராவிடின் யாது செய்வது? நம் சஞ்சிகைக் கட்டுரைகளில் ஆங்கிலத் தொடரொன்றோ மலையாளப் பழமொழியொன்றோ இடையில் வருதல் இயல்பு. அத்தொடருக்கு மட்டும் ஒரு சிறு குறியிட்டு, அதனுள் 'லாங்' பண்பை எழுதிவிடின் போதும். திரைபடிப்பான் அத்தொடர் வந்தவுடன் குரலை மாற்றி, தொடர் முடிந்தவுடன் மீண்டும் தமிழ்க் குரலுக்குத் திரும்பும். 2006-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவிற் பார்வையிழந்த இளைஞரிருவர் தொடங்கி, இன்று உலகெங்கும் விலையின்றி வழங்கப்படும் என்.வி.டி.ஏ. என்னுந் திரைபடிப்பான் இவ்வாறு மொழிக்கேற்பக் குரலை மாற்றும் ஆற்றலுடையது. 2008-ஆம் ஆண்டில் வெளிவந்த இணைய அணுகல் நெறிமுறைகளின் இரண்டாம் பதிப்பு, பக்கத்தின் மொழியை அறிவித்தலை இன்றியமையாத முதற்படியிலும், பக்கத்தின் உறுப்புகளது மொழியை அறிவித்தலை அதற்கடுத்த படியிலும் வைத்துள்ளது. எனவே இது வெறும் அலங்காரமன்று. ஒரு சாரார்க்குக் கல்விக் கதவைத் திறத்தலும் அடைத்தலும் ஆகும்.

இவ்விடத்து எச்சரிக்கையொன்று கூற வேண்டும். கொடியை மட்டும் மாற்றிவிடின் படை மாறிவிடாது. 1995-ஆம் ஆண்டிற் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முதலியோர் தமிழை இணையத்தில் ஏற்றிய அக்காலந் தொட்டுப் பல்லாண்டுகள், தமிழ்ப் பக்கங்களிற் பல தனித்தனி எழுத்துருக்களை நம்பியே இருந்தன. அவ்வெழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களின் இடத்திற் தமிழ் வடிவங்களைப் பொருத்தியவை. திரையிற் காண்பது தமிழ். கோப்பினுள் இருப்பதோ பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். 1999-ஆம் ஆண்டிற் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் மாநாடு அக்குழப்பத்தை ஒழுங்குபடுத்த முயன்றது. 2010-ஆம் ஆண்டிற் தமிழ்நாட்டு அரசு யூனிக்கோடு முறையை ஏற்றுக்கொண்டது. பழைய எழுத்துருவில் ஆகிய பக்கத்தின் தலையில் "இது தமிழ்" என்று எழுதினால், திரைபடிப்பான் தமிழ்க் குரலில் அப்பொருளற்ற குவியலையே படிக்க முயலும். தேடுபொறியிற் தமிழ்ச் சொல்லை இட்டுத் தேடுவோர்க்கும் அப்பக்கம் கிட்டாது. நம் பழைய சஞ்சிகைக் கோப்புகளுள் இத்தகையன இன்னும் உளவாயின், முதலில் அவற்றை யூனிக்கோடாக மாற்றிய பின்னரே அறிவிப்பைப்பற்றி எண்ணுதல் தகும்.

குறிகளைத் தேர்வதிலும் விழிப்பு வேண்டும். தமிழ்நாடு என்பதன் முதலெழுத்துகளை எண்ணி 'டி', 'என்' என்று எழுதுவோர் தென் ஆப்பிரிக்காவிலும் போட்சுவானாவிலும் வழங்குந் த்சுவானா மொழியை அறிவித்தவராவர். தமிழ் என்பதன் ஒலியை எண்ணி 'டி', 'எம்' என்று எழுதின், மொழிப்பட்டியலில் அத்தகைய ஈரெழுத்துக் குறியே இல்லை. நாட்டுப்பட்டியலிலோ அது துருக்மெனித்தானத்தைக் குறிக்கும். இந்தியா என்று கருதி 'ஐ', 'என்' என்னும் நாட்டுக்குறியை மொழிக்குறியின் இடத்தில் எழுதுவோர், இந்தோனேசிய மொழிக்கு முன்னொரு காலத்திருந்து பின் கைவிடப்பட்ட குறியை எழுதியவராவர். மொழிக்குறி முதலில் வரும். நாட்டுக்குறி வேண்டுமாயின் சிறு கோட்டிற்குப் பின்னர் இரண்டாவதாக வரும். இந்தியத் தமிழர்க்கொன்றும் இலங்கைத் தமிழர்க்கொன்றுமாகப் பக்கங்கள் இருந்து, அவற்றில் விலை முதலியன அந்தந்த நாட்டு ரூபாயிற் குறிக்கப்பட்டிருப்பின் நாட்டுக்குறி பயன்படும். அத்தகைய வேறுபாடு இல்லாவிடத்து மொழிக்குறி ஒன்றே சாலும்.

நிற்க. இதுகாறும் படிப்போரைக் குறித்துப் பேசினோம். இனிப் படிப்போரைப் பக்கத்தினிடம் கொணர்ந்து சேர்க்குந் தேடுபொறிகளைக் குறித்துப் பேசுவோம். இவ்விடத்துப் பலரும் கொண்டுள்ள தவறான எண்ணமொன்றைக் களைதல் வேண்டும். 'லாங்' பண்பை எழுதிவிட்டால் கூகிளில் தம் பக்கம் முன்வரிசைக்கு வந்துவிடும் என்று சிலர் நம்புகின்றனர். கூகிள் நிறுவனம் வெளிப்படையாகவே கூறியிருப்பது யாதெனின், பக்கத்தின் மொழியை அறிதற்குத் தான் அப்பண்பை நோக்குவதில்லை, பக்கத்திற் கண்ணுக்குப் புலனாகும் எழுத்துகளையே நோக்கி முடிவு செய்கின்றது என்பதாம். பிழையான அறிவிப்புகள் இணையத்தில் மலிந்து கிடத்தலின் அது கொடியை நம்பாது படையையே நோக்குகின்றது. எம் பக்கத்தைப் போன்று ஆங்கிலக் கொடி தாங்கிய தமிழ்ப் பக்கங்கள் எத்துணையோ! பிங் என்னுந் தேடுபொறியோ மொழியறிவிப்பையும் சான்றுகளுள் ஒன்றாகக் கொள்ளுகின்றது. ஆதலின் அறிவிப்பு ஒரு சாராரிடத்துப் பயன்படும். மற்றொரு சாராரிடத்துத் தீங்கு செய்யாது.

அங்ஙனமாயின் பன்மொழிப் பக்கங்களை உடையார் கூகிளுக்கு உணர்த்த வேண்டியது ஒன்றுமில்லையோ எனின், உண்டு. அது மொழி இன்னதென்பதன்று; "இதே பொருளைப் பிற மொழியிற் கூறும் என் உடன்பிறப்புகள் இவ்விடங்களில் உள்ளன" என்பதாம். இதற்கு 'எச்ரெஃப்லாங்' என்னும் பண்பு பயன்படும். தேடற்பொருட்டு அதனைப் பயன்படுத்தும் முறையைக் கூகிள் 2011-ஆம் ஆண்டில் விரித்துக் கூறிற்று. பக்கத்தின் தலைப்பகுதியில், மாற்றுப் பக்கம் என்பதனையும் அதன் மொழிக்குறியையும் அதன் முழு முகவரியையும் ஒருங்கே கூறும் இணைப்பு வரியொன்றை ஒவ்வொரு மொழிக்கும் எழுதுதல் வேண்டும். தளத்தின் முகவரிகளை நிரல்படக் கூறுந் தளவரைபடக் கோப்பிலும் இதனை எழுதலாம். பக்கத்தை அனுப்பும் வழங்கி முன்னே அனுப்புந் தலைச்செய்தியிலும் எழுதலாம். மூன்றனுள் ஒன்று போதும்.

இதில் மறவாது காக்க வேண்டிய விதி, இருபாலும் ஒப்புக்கொள்ளுதல். தமிழ்ப் பக்கம் ஆங்கிலப் பக்கத்தைத் தன் உடன்பிறப்பென்று கூறினால், ஆங்கிலப் பக்கமும் தமிழ்ப் பக்கத்தை அங்ஙனமே கூறுதல் வேண்டும். ஒருவர் மட்டும் உறவு கூறி மற்றவர் வாளாவிருப்பின் தேடுபொறி அவ்வுறவை ஏற்காது. இஃது முறையே, அன்றேல் யார் வேண்டுமாயினும் பிறர் பக்கத்தோடு உறவு கொண்டாடலாமன்றோ? ஒவ்வொரு பக்கமும் பிறவற்றோடு தன்னையும் பட்டியலிற் சேர்த்துக் கூறுதல் வேண்டும். எம்மொழிக் குறியோடும் பொருந்தாத நாட்டிலிருந்து வருவோர்க்கு எப்பக்கத்தைக் காட்டுவது என்பதற்கெனப் பொதுக்குறியொன்றும் 2013-ஆம் ஆண்டில் ஏற்படுத்தப்பட்டது.

இதிலும் யாம் பிழைசெய்தே கற்றோம். ஏரிக்கட்டுரையின் சுருக்கமொன்று ஆங்கிலத்திலும் இருந்தது. மலேசியாவின் ஈப்போ நகரத்தில் வாழும் நம் பழைய மாணவர் ஒருவர், இளமையில் ஆவடியில் வளர்ந்தவர், தமிழில் 'கோவில்பதாகை ஏரி' என்று தேடியும் ஆங்கிலச் சுருக்கமே தமக்குக் கிட்டிற்று என்றும், தம் தாயாருக்குப் படித்துக் காட்டத் தமிழ்க் கட்டுரையே வேண்டும் என்றும் எழுதியிருந்தார். ஆராய்ந்து பார்த்தபொழுது, எம் தமிழ்ப் பக்கத்தின் தலைப்பகுதியில் "என் மூலப்படி ஆங்கிலப் பக்கமே" என்று பொருள்படும் வரியொன்று இருக்கக் கண்டோம். அச்சாகக் கொண்ட ஆங்கிலப் பக்கத்திலிருந்து அதுவும் ஒட்டிக்கொண்டு வந்ததே. அவ்வரி, ஒரே பக்கம் பல முகவரிகளிற் கிடக்குமிடத்துத் தலையாயது இன்னதென்று காட்டுதற்கு ஏற்பட்டது. தேடுபொறி அதனைக் கட்டளையாகக் கொள்ளாவிடினும் வலிய குறிப்பாகக் கொள்ளும். தமிழ்ப் பக்கம் தானே முன்வந்து "நான் ஆங்கிலத்தின் நிழல்" என்று கூறிக்கொண்டிருக்க, அதனை எவர் தேடியெடுத்துக் காட்டுவர்? அவ்வரியைத் திருத்தி, தமிழ்ப் பக்கம் தானே தனக்கு மூலம் என்று எழுதினோம். இரு பக்கங்களிலும் உறவு கூறும் வரிகளைச் சேர்த்தோம். சில வாரங்கள் சென்றபின் அவ்வன்பர் தமிழ்ப் பக்கம் கிட்டியதென்று எழுதினார். தேடுபொறியின் முடிவுகட்குக் காரணங்கள் பலவாதலின், எம் திருத்தமே முழுக்காரணம் என்று யாம் உரிமை பாராட்டவில்லை. ஆயினும் எம் கையாலிட்ட தடையை எம் கையாலேயே நீக்கினோம் என்னும் அமைதி எமக்குண்டு.

அறிவிப்பினால் தீராத குறைகளும் உள. கோவில்பதாகை என்னும் பெயரை உரோமன் எழுத்தில் எழுதுவோர், தகர ஒலிக்குச் சிலர் ஓரெழுத்தையும் சிலர் ஈரெழுத்தையும் இடுகின்றனர். கோவில் என்பாரும் கோயில் என்பாருமாக முதற்பகுதியிலும் வேறுபாடுண்டு. எவ்வாறு எழுதித் தேடுவது என்று ஊராரே மயங்குவர். பக்கத்தின் தலைப்பிலும் உள்ளேயும் ஊர்ப்பெயரைத் தமிழில் திருத்தமாக எழுதி, வழக்கிலுள்ள உரோமன் வடிவத்தையும் ஓரிடத்துக் குறித்தலே இதற்கு மருந்து. மேலும், ஒவ்வொரு மொழிக்கும் தனி முகவரி வேண்டும். வருவோர் எந்நாட்டிலிருந்து வருகின்றார் என்று பார்த்து ஒரே முகவரியில் மொழியை மாற்றிக் காட்டுதலும், விரும்பாதவரையும் வேறு பக்கத்திற்குத் தள்ளிவிடுதலும் நன்றல்ல. கூகிளின் பக்கந்தேடும் பொறி பெரும்பாலும் அமெரிக்க நாட்டு முகவரிகளிலிருந்து வருமாதலின், அதற்கு ஆங்கிலம் ஒன்றே காட்டப்பட்டுத் தமிழ் மறைந்துபோகவுங் கூடும்.

இம்முறையை நன்கு கையாளும் இடத்தைக் காண விரும்புவோர் 2003-ஆம் ஆண்டிற் தொடங்கப்பட்ட தமிழ் விக்கிப்பீடியாவைப் பார்க்கலாம். அதன் முகவரியின் முதலிலேயே தமிழின் ஈரெழுத்துக் குறி நிற்கின்றது. பக்கத்தின் தலையிலும் அக்குறியே நிற்கின்றது. ஒரு கட்டுரையிலிருந்து அதே பொருளைப் பற்றிய பிறமொழிக் கட்டுரைகளுக்குச் செல்லும் இணைப்புகளிலும் அந்தந்த மொழியின் குறி எழுதப்பட்டிருக்கின்றது. சிங்கப்பூரில் ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் என்னும் நான்கும் ஆட்சிமொழிகள். இலங்கையிற் சிங்களமுந் தமிழும் ஆட்சிமொழிகள், ஆங்கிலம் இணைப்பு மொழி. அத்தகைய நாடுகளிற் பன்மொழிப் பக்கங்களை ஒழுங்காக அறிவித்தல் நாகரிகத்தின் பாற்பட்டது மட்டுமன்று. குடிமக்கட்குச் செய்யும் நீதியின் பாற்பட்டதுமாம். மூன்று மொழிப் பெயர்ப்பலகை தாங்கிய ஆவடிக்கும் அது பொருந்தாமற் போகாது.

மாணாக்கர்காள்! உங்களுட் பலர் நாளை பள்ளிகட்கும் மருத்துவமனைகட்கும் ஊராட்சிகட்கும் வணிக நிலையங்கட்கும் இணையப் பக்கங்கள் ஆக்கித் தருவீர்கள். பக்கத்தை ஆக்கி முடித்தவுடன், கணினியில் கன்ட்ரோல் என்னும் விசையோடு 'யூ' என்னும் எழுத்தை அழுத்தி, பக்கத்தின் மூலக்கோப்பைத் திறந்து முதலிரு வரிகளைப் படியுங்கள். உள்ளே எழுதியிருப்பது தமிழாயின், தலையிலும் தமிழ் என்றே எழுதியிருக்கின்றதா என்று பாருங்கள். அதற்குச் செல்லும் நேரம் அரை நிமிடமே. பின்னர், இயலுமாயின், கண்ணை மூடிக்கொண்டு அப்பக்கத்தைத் திரைபடிப்பானின் வாயிலாக ஒருமுறை கேளுங்கள். யாம் அவ்வாறு செய்திருப்போமாயின், எம் மாணாக்கர் ஒருவர் தம் ஊரைப் பற்றிய கட்டுரையில் எண்களை மட்டும் கேட்டு ஏமாந்து எழுந்திருக்க வேண்டியிருந்திராது.

நம் கலாசாலைத் தமிழ்ப் பகுதியின் பக்கங்கள் அனைத்தையும் இப்பொழுது ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துத் திருத்தி வருகின்றோம். இப்பணியில் எமக்கு முதற்றுணையாக அமர்ந்து, திருத்திய ஒவ்வொரு பக்கத்தையும் செவியாற் சோதித்துத் தருபவர் கோவில்பதாகையினின்று வரும் அம்மாணாக்கரே. எஞ்சிய பக்கங்களிற் பிழை காணும் அன்பர்கள், பழைய மாணவராயினும் ஆசிரியராயினும், எமக்கு எழுதியறிவிப்பாராயின் நன்றியோடு ஏற்றுத் திருத்துவோம்.